ஏணியில் ஒரு தலை

வாடிக்கையாளர் மெத்தையில் மல்லாந்து படுத்தார். கண்ணை மூடினார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்போது அவர் நெற்றியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

கண்ணைத் திறந்தார். அடுத்த சொட்டு மூக்கில் விழுந்தது.

"இது மெத்தையோட சேர்ந்து வருதா, தனியா வாங்கணுமா?" என்று கேட்டார்.

மெத்தைக்கடைக்காரர் கைக்குட்டையை நீட்டினார். வாடிக்கையாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைக்குட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "மழை விட்டதும் வரேன்" என்று போய்விட்டார். அவர் கையில் குடை இருந்தது. கடைக்குள் அதை விரிக்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

கடை என்பது நீளமான ஒற்றைக் கூடம். மேலே தகரக் கூரை. சுவரோரம் மெத்தைகள் அடுக்கியிருந்தன. மூலையில் தையல்காரர் மெஷினை வைத்துக்கொண்டு உறை தைப்பார். கடையை ஒட்டிப் பின்பக்கம், மாடியில் வீடு. வீட்டுச் சமையலறைக்கு வெளியே சின்ன மொட்டைமாடி. அதன் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கடையின் கூரை தொடங்கும்.

"முதலாளி, மெஷின் மேலயும் சொட்டுது" என்றார் தையல்காரர். "நான் மிதிக்கிறதா, துடுப்புப் போடுறதா?"

போன மழைக்குக் கடைக்காரரே ஏறித் தார் பூசியிருந்தார். வெயிலில் தார் உருகியது. அதுவரை கூரை மழை நாளில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அதன்பிறகு வெயில் நாளிலும் சொட்டியது, கறுப்பாக.

இந்த முறை மனைவி அவரைக் கேட்கவில்லை. மழை விட்ட மறுநாள் காலையில் கடை வாசலில் ஒரு ஏணியும் இரண்டு பேரும் நின்றார்கள்.

முன்னால் நின்றவர் கூரைக்குப் பூச்சு அடிப்பவர். உயரமாக இருந்தார். மீசையை அளவுகோல் வைத்து வெட்டியது போல வைத்திருந்தார். பின்னால் நின்றது அவருடைய உதவியாள். தொளதொளவென்று முழுக்கைச் சட்டை, கையுறை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்கிலிருந்து கழுத்துவரை சுற்றிய துணி. வெள்ளைப் பூச்சின் கண்கூச்சத்துக்கும் தகரத்தின் சூட்டுக்கும் இந்த வேலைக்காரர்கள் அப்படித்தான் போர்த்திக்கொள்வார்கள். கடைக்காரர் உதவியாளை ஒரு முறை பார்த்தார். அத்துடன் மறந்துவிட்டார்.

பூச்சுக்காரர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"தகரம் இன்னும் உறுதியாத்தான் இருக்கு. ஸ்க்ரூ தலையிலயும் தகரமும் தகரமும் சேர்ற இடத்துலயும்தான் தண்ணி இறங்குது. கழுவி, துருவைச் சுரண்டி, அடிப்பூச்சா ப்ரைமர் அடிச்சு, சேர்ற இடத்துல வலைத்துணி ஒட்டி, மேல ரெண்டு கோட்டு வெள்ளைப் பூச்சு போடணும். ஒரு வாரம்."

"கூரையையே மாத்தச் சொல்வீங்கன்னு நினைச்சேன்" என்றாள் மனைவி.

"பல்லு ஆடுதுன்னு தலையையா மாத்துவாங்க?"

மனைவி சிரித்தாள்.

கடைக்காரருக்கு அது அவ்வளவு பெரிய நகைச்சுவையாகத் தெரியவில்லை. அதைவிட நல்லதாக அவர் தினமும் இரண்டு மூன்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கடைசியாக இப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்தார். அவர் ஸ்டூலிலிருந்து விழுந்தபோது.

முதல் நாள் கூரையைக் கழுவினார்கள். பதினோரு மணிக்குக் கடைக்காரர் தேநீர் குடிக்க மாடிக்குப் போனார். வழக்கமான இடத்தில் அவருடைய டம்ளர் இல்லை. விளிம்பில் நெளிசல் உள்ள டம்ளர். கல்யாணமான வருஷம் கைதவறிப் போட்டது. அந்த நெளிசல் உதட்டுக்குப் பழகியிருந்தது.

"என் டம்ளர் எங்கே?"

"கூரையில" என்றாள் மனைவி.

அவள் டம்ளரும் இல்லை. இரண்டும் போயிருந்தன. ஒன்றில் பூச்சுக்காரன் குடித்திருக்கிறான், இன்னொன்றில் இவள் கூட நின்று குடித்திருக்கிறாள் என்று கணக்குப் போட்டார். கடைக்காரர் அளவுக் குவளையில் தேநீரை வாங்கிக் குடித்தார். குவளையின் பக்கத்தில் கோடுகள் போட்டிருந்தன. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்தது.

கீழே வந்ததும் தையல்காரர், "மேல சிரிப்புச் சத்தம் கேக்குது முதலாளி" என்றார்.

"வெயில்ல தகரம் அப்படித்தான் சத்தம் போடும்."

"தகரம் 'போதும் போதும், வயிறு வலிக்குது'ன்னா சொல்லும்?"

கடைக்காரர் வெளியே போனார். வீட்டு வழியாகப் போனால் மனைவிக்குத் தெரிந்துவிடும். ஏணியில் ஏறினார். கூரையின் விளிம்புக்கு மேல் தலையை மட்டும் நீட்டினார்.

தூரத்தில் கைப்பிடிச் சுவர். அதன் மேல் முழங்கையை ஊன்றி மனைவி நின்றாள். இந்தப் பக்கம் பூச்சுக்காரர், கையில் நெளிசல் டம்ளர். சுவர் நிழலில் உதவியாள் இவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. மனைவி என்னவோ கேட்டாள். என்னவோ பதில் வந்தது. மறுபடி கேட்டாள். வீட்டில் அவள் அவரிடம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். ஒன்று, சாப்பிட்டாச்சா. மற்றொன்று, கடையைப் பூட்டியாச்சா. இங்கே கேள்வி கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூடவே இருக்கிறவளின் சிரிப்பை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அது வேறு பக்கமிருந்து வரும்போதுதான் சத்தமாக இருக்கிறது.

டம்ளர்களை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். உதவியாள் எழுந்து, வாளி எடுக்க ஏணிப் பக்கம் வந்தார். பூச்சுக்காரர் திரும்பினார். ஏணியில் ஒரு தலை.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. சும்மா பார்க்க வந்தேன்."

எதையாவது பார்த்தாக வேண்டும். பக்கத்தில் இருந்தது உதவியாள்தான். கடைக்காரர் உதவியாளைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பூச்சுக்காரர் கூரையைக் கடந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

"இந்தா, அந்தக் கோடியில போய்ச் சுரண்டு" என்று உதவியாளிடம் சொன்னார். பிறகு கடைக்காரரிடம், "கழுவின ஈரம் காய ஒரு நாள் ஆகும் சார். நாளைக்கு வேலை இல்ல" என்றார்.

காய வேண்டும் என்பது கடைக்காரருக்கு ஒரு யோசனையைக் கொடுத்தது. கூரை சீக்கிரம் காய்ந்தால் வேலை சீக்கிரம் முடியும். வேலை முடிந்தால் மீசை இறங்கிப் போகும். ஈரத்தை உறிஞ்சுவது எது? பஞ்சு. ஊரில் எல்லாரையும் விட அவரிடம் அதிகம் இருப்பது எது? பஞ்சு.

சாயங்காலம் தையல்காரரும் அவருமாகக் கழிவுப் பஞ்சு மூட்டைகளை மேலே ஏற்றினார்கள். பிரித்து, கூரை முழுக்கப் பரப்பினார்கள்.

"முதலாளி, இது சரியா வருமா?"

"பஞ்சைப் பத்தி எனக்கே சொல்றியா?"

இரவு காற்று அடித்தது. காலையில் கூரை பாதி இறகு பிடுங்கிய கோழி போல இருந்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவின் கழுத்திலும் பஞ்சு சுற்றியிருந்தது. தகரங்கள் சேரும் இடுக்கு ஒவ்வொன்றிலும் ஈரப் பஞ்சு அடைத்திருந்தது. ஈரத்தை அது உறிஞ்சியது உண்மை. உறிஞ்சியதை அப்படியே வைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வேலைக்கு வந்த பூச்சுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூரையைச் சுற்றிப் பார்த்தார்.

"நான் கூரைக்குப் பூச்சு போட்டிருக்கேன் சார். மெத்தை போட்டு இப்பத்தான் பார்க்கிறேன்."

கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மறுபடி சிரிப்பு.

பஞ்சைப் பிடுங்க இரண்டு நாள் ஆனது. உதவியாள் ஸ்க்ரூ ஸ்க்ரூவாக உட்கார்ந்து எடுத்தார். மனைவி மொட்டைமாடியில் நாற்காலி போட்டுக்கொண்டாள்.

அன்று சாப்பிடும்போது கடைக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்த ஆளை நீ என்னன்னு கூப்பிடுற?"

"எந்த ஆளை?"

"மேல இருக்கிற ஆளை. பூச்சுக்காரனை."

"ஒண்ணும் கூப்பிடல. அவரா திரும்பினா பேசுவேன்."

"அண்ணேன்னு கூப்பிடலாமே. மரியாதையா இருக்கும்."

மனைவி யோசித்தாள். பேச்சுக்கு இல்லை, உண்மையாகவே யோசித்தாள்.

"அண்ணன் முறை வராதுங்க" என்றாள்.

"வராதா?"

"எப்படி வரும்? இன்னும் கொஞ்சம் சோறு போடவா?"

அவர் கை கழுவ எழுந்துவிட்டார். படுத்துக்கொண்டு யோசித்தார். அண்ணன் முறை வராது. சித்தப்பா என்று சொல்ல வயது போதாது. தம்பி என்று சொல்ல வயது அதிகம். மிச்சம் இருந்த முறைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். எண்ணியிருக்கக் கூடாது.

மறுநாள் தேநீர் நேரத்தில் தலையை மட்டும் நீட்டினால் போதாது என்று முடிவு செய்தார். நேராகப் போய் இருவருக்கும் நடுவில் நின்றுவிடுவது.

தகரக் கூரையில் நடக்க ஒரு விதி உண்டு. ஸ்க்ரூ வரிசையின் மேலேயே மிதித்துப் போக வேண்டும். அதன் அடியில்தான் இரும்புச் சட்டம் இருக்கும். மற்ற இடத்தில் வெறும் தகரம். பூச்சுக்காரர் இதை முதல் நாளே சொல்லியிருந்தார். ஸ்க்ரூ வரிசை சுற்றிக்கொண்டு போனது. மனைவி நேர் எதிரே நின்றாள். கடைக்காரர் நேராக நடந்தார்.

கீழே தையல்காரர் ஒரு அம்மாளுக்கு மெத்தை உறையின் துணியைக் காட்டிக்கொண்டிருந்தார். மேலே படார் என்றது. கூரையிலிருந்து ஒரு கால் வந்தது. முழங்கால்வரை வந்து நின்று, இங்கும் அங்கும் துழாவியது.

"யாரு அது?" என்றார் அந்த அம்மாள்.

"முதலாளி" என்றார் தையல்காரர். காலில் இருந்த செருப்பைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு மேலே குரல் கொடுத்தார். "முதலாளி, மிச்சமும் வருதா, இல்ல அவ்வளவுதானா?"

பூச்சுக்காரர் ஒரு கையையும் உதவியாள் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். கடைக்காரர் உதவியாளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தபின் தோளை விட மறந்துவிட்டார். கண் மொட்டைமாடியில் இருந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பதறித்தான் பொத்தியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ள முயன்றார்.

பூச்சுக்காரர் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக அந்தத் தோளிலிருந்து எடுத்தார்.

"சார், இனிமே நீங்க மேல வர வேண்டாம்."

"ஏன்?"

"எனக்குப் பிடிக்கல."

இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வான் என்று கடைக்காரர் எதிர்பார்க்கவில்லை. என் கூரை. என் ஏணி இல்லைதான், ஆனால் என் கூரை. அவன் டம்ளரா அது?

ஓட்டையை அடைக்க மேலும் ஒரு நாள்.

அன்று அவர் வேறு வழியில் முயன்றார். கடையைச் சீக்கிரம் பூட்டினார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"என்ன கேக்கணும்?"

"எதையாவது. மெத்தையைப் பத்திக் கேளு."

"மெத்தையைப் பத்தி என்ன இருக்கு?"

"நிறைய இருக்கு. ஸ்பிரிங் மெத்தை ஏன் நடுவுல பள்ளம் விழுது? யாராவது கேட்டிருக்காங்களா?"

"சரி, ஏன் விழுது?"

அவர் சொன்னார். பள்ளத்திலிருந்து ஆரம்பித்து, கம்பியின் கனத்துக்கு வந்து, நுரையின் அடர்த்தியைத் தொட்டபோது அவள் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள். அவர் ஒரு தலையணையை எடுத்து அவள் தலைக்கு வைத்தார். அவள் தூங்கும்போது வாய் லேசாகத் திறந்திருக்கும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

தலையணை.

மேலே என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் உதவியாள். யாரும் கண்டுகொள்ளாத ஆள். அன்பாக இரண்டு வார்த்தை சொன்னால் சொல்லிவிடுவார். வெறுங்கையோடு கேட்க முடியாது. மெத்தைக்கடையில் இனாம் என்றால் தலையணைதான். இருப்பதிலேயே மெத்தென்று, பூப்போட்ட உறையோடு ஒன்றை எடுத்து வைத்தார்.

மறுநாள் முதல் கோட்டு. கலக்கத் தண்ணீர் எடுக்க உதவியாள் கீழே வந்தார். கடைக்காரர் ஏணியடியில் காத்திருந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். தலையணையை உதவியாளின் கையில் திணித்தார்.

"யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று கிசுகிசுத்தார். "ராத்திரி இதுல தலை வைக்கும்போது என் ஞாபகம் வரணும். மேல என்ன நடந்தாலும் எனக்குச் சொல்லணும். நமக்குள்ள இருக்கட்டும்."

கறுப்புக் கண்ணாடி அவரைப் பார்த்தது. துணிக்குப் பின்னால் பேச்சு இல்லை. உதவியாளின் தோள்கள் மட்டும் குலுங்கின. பாவம், பயந்துவிட்டார் என்று கடைக்காரர் நினைத்தார். தைரியம் சொல்லத் தோளில் தட்டினார்.

அந்த நேரம் மேலே விளிம்பில் மீசை தெரிந்தது.

அடுத்து நடந்ததைப் பூச்சுக்காரர் "வாளி தானா சரிஞ்சிருச்சு" என்று சொன்னார். முழு வாளி வெள்ளைப் பூச்சு. தகரத்தின் பள்ளத்தில் ஓடி, தண்ணீர்க் குழாயில் இறங்கி, குழாயின் வாய் எங்கே இருந்ததோ அங்கே நின்ற கடைக்காரரின் தலையில் இறங்கியது. உதவியாள் தலையணையைக் காப்பாற்றி ஒதுங்கிக்கொண்டார்.

தையல்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"முதல் கோட்டு நல்லா வந்திருக்கு முதலாளி. காயற வரைக்கும் யாரும் தொடக் கூடாதாம்."

பூச்சு வாங்கிவர ஒரு நாள். கடைக்காரரின் காதுமடலிலிருந்து அதை எடுக்க அதைவிட அதிக நாள்.

மறுநாள் காலை பூச்சுக்காரர் கடைக்குள் வந்தார். தலையணையை மேஜை மேல் வைத்தார். பூப்போட்ட பக்கம் கீழே இருக்கும்படி வைத்தார்.

"கூட வர்ற ஆளுக்குத் தலையணை வேணும்னா நான் வாங்கித் தருவேன் சார்."

"ஒரு அன்புக்குத்தான் கொடுத்தேன்."

"அது தெரிஞ்சுதான் திருப்பிக் கொடுக்கிறேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரர் மெஷினை நிறுத்தினார்.

"இந்த வேலை சீக்கிரம் முடியணும்" என்றார் கடைக்காரர்.

"உங்களை விட எனக்கு அவசரம் சார்."

கடைக்காரர் அசந்துபோனார். குற்ற உணர்ச்சியாக இருக்கலாம். அல்லது வேறு ஏதாவது திட்டமாக இருக்கலாம். எப்படியோ, அந்த வேலை தொடங்கியதிலிருந்து இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அதனால் அதுவும் கெட்டது.

சாதாரணமாக அந்தப் பூச்சைக் காலையில் அடிப்பார்கள், வெயில் உறைக்கும் முன். பூச்சுக்காரர் அன்று உச்சி வெயிலிலும் அடித்தார். கடைக்காரர் கீழே நின்று, "அப்படித்தான், அப்படித்தான்" என்றார். கொதிக்கிற தகரத்தில் பூச்சின் மேல் தோல் உடனே காய்ந்தது, அடியில் காயவில்லை. மூன்று மணிக்குக் கூரை முழுக்கக் கொப்புளம்.

"இந்தத் தொழில்ல இப்படி ஒரு தப்பு நான் பண்ணினதே இல்ல" என்றார் பூச்சுக்காரர். அவர் முகம் வாடியிருந்தது. மீசையின் ஒரு பக்கம் மறுபக்கத்தை விடக் கொஞ்சம் நீளமாக இருந்ததைக் கடைக்காரர் கவனித்தார். உள்ளுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி.

வேலை நடக்கும்போது பூச்சுக்காரர் ஒரு வீச்சு அடிப்பார், திரும்பி ஏணியைப் பார்ப்பார். இன்னொரு வீச்சு, இன்னொரு பார்வை. கடைக்காரர் மேலே வரக் கூடாது என்று ஏணியைத் தூக்கிக் கூரை மேலேயே போட்டுக்கொண்டார். கடைக்காரர் தையல் மேஜை மேல் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். மறுபடி விழுந்தார். இந்த முறை மெத்தையில்.

"இதையே முதல்ல செஞ்சிருந்தா அந்த வாடிக்கையாளர் வாங்கியிருப்பார் முதலாளி" என்றார் தையல்காரர். "எவ்வளவு நல்லாத் தாங்குது."

கொப்புளங்களைச் சுரண்டி எடுத்தார்கள். மறுபடி ஒரு கோட்டு அடித்தார்கள். காயவிட்டார்கள். இரண்டாவது கோட்டைக் குறுக்குவாட்டில் அடித்தார்கள். காயவிட்டார்கள். ஒரு வாரம் என்று சொன்ன வேலை எங்கேயோ போய் ஒரு வழியாக முடிந்தது.

கடைசி நாள் குழாய் வைத்துக் கூரை மேல் தண்ணீரை அடித்தார்கள். கடைக்காரரும் மனைவியும் கீழே கூடத்தின் நடுவில் அண்ணாந்து நின்றார்கள். மேலே தண்ணீர் மழை போலச் சத்தம் போட்டது. ஒரு சொட்டு விழவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் அடுப்பு போல இருக்கும் கூடம் அன்று மரத்தடி மாதிரி இருந்தது. அன்று நெற்றியில் சொட்டு விழுந்து எழுந்துபோன வாடிக்கையாளர் திரும்பி வந்து, அதே மெத்தையில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா செஞ்சிருக்காங்க இல்ல?" என்றாள் மனைவி.

"ம்" என்றார் கடைக்காரர். பெருந்தன்மையாக இருக்க முடிந்தது. போகப்போகிற ஆள்தானே.

பூச்சுக்காரர் முதல் வேலையாக ஏணியை வண்டியில் கட்டினார். இறுக்கிக் கட்டினார். உதவியாள் உருளைகளையும் வாளிகளையும் ஏற்றினார். மனைவி கடைக்குள் போனாள்.

"வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கூரையைப் பார்த்துட்டுப் போறது எங்க வழக்கம்" என்றார் பூச்சுக்காரர் வேண்டாவெறுப்பாக.

"அவசியமில்ல" என்றார் கடைக்காரர்.

"நல்லது சார். வேணும்னாலும் வேற ஆளைத்தான் அனுப்புவேன்."

"அதுதான் நல்லது."

இருவருக்கும் பாரம் இறங்கியது. அந்த நிம்மதியில் கை கூடக் குலுக்கிக்கொண்டார்கள்.

உதவியாள் தொப்பியைக் கழற்றினார். கறுப்புக் கண்ணாடியை எடுத்தார். பூச்சுக்காரர் சட்டென்று நகர்ந்து அவரை மறைத்தபடி நின்றார். கடைக்காரருக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. மனைவி வெளியே வருவதைத்தான் பார்த்தார். அவள் கையில் பூப்போட்ட தலையணை இருந்தது.

"இதை விட்டுட்டுப் போறீங்களே அக்கா" என்றாள். "இவர் ஆசையா கொடுத்தது."

கடைக்காரர் அக்காவைத் தேடினார். தெருவில் வேறு யாரும் இல்லை.

பூச்சுக்காரரின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு தலையணையை வாங்கிக்கொண்டது. கழுத்துத் துணியை அவிழ்த்தபடி ஒரு பெண் முன்னால் வந்தாள். மனைவியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மூக்கு நுனியில் ஒரு பொட்டு வெள்ளைப் பூச்சு.

"அன்னிக்கு முறை கேட்டீங்களே" என்று மனைவி கடைக்காரரிடம் சொன்னாள். "அக்காவை அக்கான்னு கூப்பிட்டுட்டு, அவங்க வீட்டுக்காரரை எப்படிங்க அண்ணன்னு கூப்பிடுறது?"

இரண்டு டம்ளர். இந்தா, அந்தக் கோடிக்குப் போ. தோள். எனக்குப் பிடிக்கல. ராத்திரி தலை வைக்கும்போது என் ஞாபகம் வரணும். கடைக்காரருக்கு ஒவ்வொன்றாக, சொட்டுச் சொட்டாக, நடு நெற்றியில் விழுந்தது. பூச்சுக்காரர் தன் கணுக்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தையல்காரர் வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, உள்ளே போய் மெஷினை வேகமாக மிதிக்க ஆரம்பித்தார்.

அந்தப் பெண் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு குனிந்து சொன்னாள்.

"கல்யாணம் ஆன நாளா இவரோட கூரை கூரையா ஏறி இறங்குறேன் சார், ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்ததில்ல, நீங்க ஏணியில தலையை நீட்ட ஆரம்பிச்சதுல இருந்து மனுஷன் என்னை விட்டுக் கண்ணையே எடுக்கல, அதனால அடுத்த வருஷமும் எங்களையே கூப்பிடுங்க."